பசி போடும் வேடம்

ஆண்டு 1945. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், விளையாட்டரங்கின் அடியில் ஓர் ஆய்வுக்கூடம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் அங்கே தாமே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 24 வாரங்களுக்கு அவர்களுடைய உணவைப் பாதியாகக் குறைத்தார். சராசரியாக 69 கிலோ இருந்தவர்கள் 53 கிலோவுக்கு இறங்கினார்கள். உடல் இளைத்ததில் வியப்பில்லை. வியப்பு, மனம் மாறியதில்! கலகலப்பானவர்கள் ஒதுங்கிப்போனார்கள். கேலியும் சிரிப்பும் மறைந்தன. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைக்கூடச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

ஒதுங்குவது, ஒன்றையே பற்றிக்கொள்வது, வழக்கம் மாறினால் தவிப்பது ஆகியவை ஆட்டிசத்திலும் தெரியும். மூளை பிறவியிலேயே வேறு விதமாக வளர்வதுதான் ஆட்டிசம். எடை கூடிவிடும் என்ற பயத்தில் உண்ண மறுக்கும் நோய் அனோரெக்சியா. அந்த நோயுள்ள பெண்ணிடம் இந்த இயல்புகளைக் கண்டால், அவை பிறவியில் வந்தவையா, பட்டினி போட்ட வேடமா?

இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்று 1983இல் கேள்வி எழுப்பியவர் ஸ்வீடனின் கிறிஸ்டோபர் கில்பெர்க். அவருடைய குழு கோதன்பர்க் நகரில் அனோரெக்சியா வந்த 51 இளையோரையும், அது வராத 51 பேரையும் 30 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எடை தேறிய பிறகும் சிலரிடம் அந்த இயல்புகள் நிலைத்திருந்தன. ஆக, எல்லாப் பழியையும் பசியின் மேல் போட முடியாது. பொதுமக்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கே ஆட்டிசம். அனோரெக்சியா உள்ளவர்களிலோ நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை ஆட்டிச இயல்புகள் மிகுந்தவர்கள் என்கின்றன பல ஆய்வுகள்.

வேடத்தைக் கலைக்க மருத்துவர்கள் காலத்தில் பின்னோக்கிப் போகிறார்கள். நோய் வருவதற்கு முன், நாலைந்து வயதில் குழந்தை எப்படி விளையாடியது? சட்டை லேபிள் உறுத்தி அழுததா? பெற்றோரின் நினைவே இங்கே சோதனைக் கருவி. அதிலும் ஒரு சிக்கல்: பல பெண் குழந்தைகள் தோழிகளைப் பார்த்துப் பழகி, தங்கள் வேறுபாட்டை மறைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த விந்தை உடலுக்குள். பசி, இதயத்துடிப்பு போன்றவற்றை உள்ளிருந்து உணரும் திறனுக்கு அகப்புலன் என்று பெயர் வைக்கலாம். மூளையின் இன்சுலா பகுதிக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆட்டிசம் உள்ள சிலருக்கு இந்தப் புலன் தெளிவாகப் பேசாது: பெட்ரோல் தீர்ந்தும் முள் அசையாத வண்டி மாதிரி. வயிற்றைப் பிசைவது பசியா, பதற்றமா என்றே புரியாது. உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாத இந்த நிலை அலெக்ஸிதைமியா எனப்படுகிறது. உணவுக் கோளாறுள்ள இளையோரில் ஆட்டிச இயல்பு மிகுந்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எடையைப் பற்றிய பயமே இல்லாமலும் ஒருவர் உண்ண மறுக்கலாம். குழைவு, நெடி, மொறுமொறுச் சத்தம் ஆகியவையே தாங்க முடியாதவையாக இருக்கும். இதற்கு ஆர்ஃபிட் என்று தனிப் பெயர் கிடைத்தது 2013இல்தான்.

காரணம் மாறினால் வைத்தியமும் மாற வேண்டுமல்லவா? ஆட்டிசமும் உணவுக் கோளாறும் சேர்ந்தவர்களுக்காக லண்டனில் கேட் சந்தூரியா குழு உருவாக்கிய 'பீஸ்' சிகிச்சை முறை வார்டின் நிறத்தையும் சத்தத்தையும்கூடக் கவனிக்கிறது. காரமும் நெடியும் குறைந்த உணவுப் பட்டியலும் வைத்திருக்கிறது. "ஏன் சாப்பிடவில்லை?" என்று அதட்டிய இடத்தில் இப்போது, "இதில் எது உனக்கு ஒத்துவரவில்லை?" என்று கேட்கிறார்கள். பதில் கிடைக்கும் கேள்வி அதுதான்.