கப்பலுக்குள் காணாமற்போனவர்

கப்பலில் பிரயாணம் செய்யும் மாலுமி ஒருவர் காணாமற்போய்விட்டால் அவரை எங்கே தேடுவது? "இது ஒரு கேள்வியா? கடலில்தான்!" என்று வாசகர்கள் சொல்லக்கூடும். அமெரிக்கக் கடற்படையாரும் ஒரு சமயம் அப்படித்தான் நினைத்தார்கள்.

2017-ம் வருஷம் ஜூன் மாதம் 8-ந் தேதி, ஒகினாவாத் தீவுக்குக் கிழக்கே பிலிப்பைன் கடலில் 'ஷைலோ' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் போய்க்கொண்டிருந்தது. யந்திரப் பகுதியைச் சேர்ந்த மாலுமி ஒருவரைக் காணவில்லை என்று தகவல் பிறந்தது. ஆள் கடலில் விழுந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்துக் கப்பல்களும் விமானங்களும் புறப்பட்டன. ஜப்பானியக் கடற்படையும் கடலோரக் காவற்படையும் உதவிக்கு வந்தன. ஐம்பது மணி நேரத்துக்கு மேலாக, சுமார் 5,500 சதுர மைல் பரப்புள்ள கடலைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். பயனில்லை. 11-ந் தேதி கடலில் தேடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மாண்டவராகவே அவரைக் கருதினார்கள்.

15-ந் தேதி, அதே கப்பலின் யந்திர அறையில் அந்த மாலுமி உயிரோடு அகப்பட்டார்! அவர் கடலில் விழவேயில்லை. ஏழு நாளும் கப்பலுக்குள்ளேயே ஒளிந்திருந்தார்.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு ஆச்சரியத்தைவிட வேறொரு உணர்ச்சிதான் மேலோங்கிற்று. 'இந்தக் கதையை எங்கோ முன்னமே பார்த்திருக்கிறோமே!' என்று தோன்றியது. சற்று யோசித்ததும் ஞாபகம் வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே அமெரிக்க டெலிவிஷனில் ஒரு நாடகம் இதைச் சொல்லியிருந்தது. கப்பல் மட்டுந்தான் வேறு. அது கடலில் போகும் கப்பலன்று. நட்சத்திரங்களுக்கிடையே போகும் கப்பல்.

'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடர் நாடகத்தை வாசகர்களில் பலர் அறிந்திருப்பார்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் நிச்சயம் அறிந்திருப்பார்கள். அதில் 1967-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி ஒளிபரப்பான பகுதிக்குக் 'கோர்ட் மார்ஷல்' என்று பெயர். ராணுவ விசாரணை என்று தமிழில் சொல்லலாம். டான் மாங்கிவிக்ஸ் என்பவரும் ஸ்டீவன் கராபட்ஸோஸ் என்பவரும் சேர்ந்து எழுதியது.

'எண்டர்பிரைஸ்' என்னும் நட்சத்திரக் கப்பல் ஒரு பெரும் புயலில் அகப்பட்டுக்கொள்கிறது. மழையும் காற்றுமாக அடிக்கும் புயலன்று. மின்னூட்டம் பெற்ற துகள்கள் வீசும் புயல். அதை அளந்து பார்ப்பதற்காகக் கப்பலின் வெளிப்புறத்தில் ஒரு சிறு கூண்டு இருக்கிறது. கப்பலின் தஸ்தாவேஜுகளுக்குப் பொறுப்பாளரான பென் பின்னி என்பவர் அந்தக் கூண்டுக்குள் அனுப்பப்படுகிறார். புயல் உக்கிரமாகிறது. கூண்டைக் கழற்றி எறிந்தாலொழியக் கப்பல் பிழைக்காது என்ற நிலைமை வருகிறது. முதலில் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரியும். அபாயம் முற்றினால் சிவப்பு. சிவப்பு விளக்கு வந்தபிறகு, பின்னி வெளியே வருவதற்கு அவகாசம் கொடுத்துத்தான் கூண்டைக் கழற்றும் பொத்தானை அழுத்தினேன் என்கிறார் காப்டன் கிர்க். ஆனால் பின்னி வரவில்லை. கப்பலுக்குள் தேடிப் பார்க்கிறார்கள், காணவில்லை. இறந்தார் என்று முடிவு கட்டுகிறார்கள்.

வினை அதோடு தீரவில்லை. கப்பலில் நடப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்தால் கிர்க் பொத்தானை அழுத்தும்போது மஞ்சள் விளக்குத்தான் எரிகிறது! அபாயம் வருமுன்பே ஒரு மனிதனை வெளியே தள்ளிவிட்டார் என்றல்லவா அதற்கு அர்த்தம்? மேலதிகாரி மெதுவாகக் கிர்க்கிடம் சொல்கிறார்: களைப்பு என்று காரணம் காட்டித் தரையில் ஓர் உத்தியோகம் வாங்கிக்கொள்ளலாம், விஷயம் வெளியே தெரியாமல் முடிந்துவிடும் என்று. கிர்க் மறுத்துவிடுகிறார். விசாரணை நடக்கட்டும் என்கிறார்.

விசாரணை மன்றத்தில் அமர்ந்த கப்பல் தலைவர்களில் ஒருவருக்குச் சந்திரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நட்சத்திர மண்டலத்து நீதிபதிகளில் நம்மவர் பெயரும் ஒன்று இருக்கட்டும் என்று 1967-லேயே அமெரிக்க எழுத்தாளர்களுக்குத் தோன்றியதே, அது வரையில் சந்தோஷம்.

கிர்க்குக்காக வாதாட வருகிற வக்கீல் ஒரு விசித்திரப் பிரகிருதி. பெயர் காக்லி. சட்டமெல்லாம் கம்ப்யூட்டரில் கிடைக்கும் காலத்திலே இவர் அறை நிறையப் பழைய புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாழ்கிறார். மனிதனுடைய உரிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஹம்முராபி காலத்துச் சட்டத்திலிருந்து வரிசையாக எடுத்துப் போடுகிறார். தமக்கு விரோதமாகச் சாட்சி சொல்கிறவரை எதிரில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை குற்றவாளிக்கு உண்டல்லவா? இந்த வழக்கில் முக்கிய சாட்சி அந்தக் கம்ப்யூட்டர். ஆகையால் மன்றம் கப்பலுக்கே வர வேண்டும் என்று வாதாடி ஜெயித்துவிடுகிறார்.

இதற்கு வழி பிறந்தது கிர்க்கின் உதவியாளர் ஸ்பாக் என்பவரால். கப்பலின் கம்ப்யூட்டருக்குச் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொடுத்தவர் அவர். தாம் கற்றுக்கொடுத்ததை யந்திரம் பிசகாமல் ஆடும். அதனால் எவ்வளவு சாமர்த்தியமாக ஆடினாலும் அதனுடன் 'டிரா' செய்ய முடியுமே தவிர ஜெயிக்க முடியாது என்பது அவருடைய கணக்கு. கேஸ் நடக்கிற வேளையில் அவர் உட்கார்ந்து சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து டாக்டர் மக்காய் கோபித்துக்கொள்கிறார். ஆனால் ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக ஸ்பாக் ஜெயித்துக்கொண்டே போகிறார்! அப்படியானால் யந்திரத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்படிக் கை வைக்கும் திறமையுள்ளவர்கள் கப்பலில் மூன்றே பேர்: காப்டன், ஸ்பாக், மூன்றாவது, காணாமற்போன பின்னி.

பின்னி சாகவில்லை!

இங்கேதான் காக்லி ஒரு கேள்வி கேட்கிறார். நாடகத்தின் சிகரம் என்று நான் கருதுவது அதைத்தான். காணாமற்போனவரைத் தேடும் முறை எப்படி என்று கிர்க்கை விவரிக்கச் சொல்கிறார். அடிபட்டுக் குரல் கொடுக்க முடியாமல் எங்காவது கிடக்கலாம் என்ற எண்ணத்தோடு மூலைமுடுக்கெல்லாம் பார்ப்போம் என்கிறார் கிர்க். அப்படியானால், தேடப்படுகிறவர் தாம் அகப்பட வேண்டும் என்று விரும்புகிறார் என்பதை நீங்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதானே தேடுகிறீர்கள் என்று மடக்குகிறார் வக்கீல். கிர்க்கிடம் அதற்குப் பதில் இல்லை. அகப்பட விரும்பாதவனைத் தேடும் முறை ஒன்று இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் வரையில் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அவர்கள் தேடும் விதம் வெகு அழகானது. கப்பலிலுள்ளவர்களைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். யந்திரங்களை நிறுத்திவிடுகிறார்கள். மன்றத்தாரும் முக்கிய உத்தியோகஸ்தர்கள் சிலருமே மிச்சம். கம்ப்யூட்டரின் செவியைக் கூர்மையாக்கி, கப்பலுக்குள் துடிக்கும் இருதயங்களின் ஒலியைக் கேட்கச் செய்கிறார்கள். 'டப், டப், டப்' என்று அத்தனை இருதயமும் சேர்ந்து முழங்குகிறது. டாக்டர் மக்காய் கையில் சிறு கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நெருங்கி, அவரவர் இருதயத்தின் ஒலியை அடக்கிக்கொண்டு வருகிறார். ஒவ்வொன்றாகக் குறைகிறது. கடைசியில் அங்கிருந்த எல்லாருடைய இருதயமும் அடங்கிவிட்டது. ஆனால் ஒரே ஒரு இருதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது, யந்திரப் பகுதியிலிருந்து!

கணக்கு வாத்தியார் என்ற முறையில் இங்கே ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. செவியின் கூர்மையை எத்தனை மடங்கு பெருக்கப் போகிறோம் என்று சொல்லும்போது கிர்க் 'ஒன்றின் நான்காம் படி' என்கிறார். ஒன்றை ஒன்றால் எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதானே! எட்டாம் வகுப்புப் பையன் எழுதியிருந்தால் சுழித்திருப்பேன். பத்தின் நான்காம் படி என்று இருந்திருக்க வேண்டும் போலும். ஆனால் கதை ஓடும் வேகத்தில் இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

கணக்குப் பிசகினாலும் யோசனை பிசகவில்லை. 2015-ம் வருஷம் ஏப்ரலில் நேபாளத்தில் நிகழ்ந்த பெரும் பூகம்பத்துக்குப் பிறகு, சௌதாரா என்ற ஊரில் இடிபாடுகளுக்கடியில் நாலு பேர் சிக்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சிக்கூடத்தார் செய்த 'பைண்டர்' என்னும் கருவி அவர்களுடைய இருதயத் துடிப்பைக் கொண்டு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அது ஒலியைக் கேட்பதில்லை. நுண்ணலைகளை அனுப்பி, துடிப்பினால் உடலில் உண்டாகும் மிகச் சிறிய அசைவைக் கண்டுபிடிக்கிறது. நால்வரும் பிழைத்தார்கள். அவர்கள் அகப்பட விரும்பியவர்கள். அந்த வித்தியாசம் உண்டு.

பின்னி ஏன் அப்படிச் செய்தார்? காரணம் ஒரு பதிவேடு. வெகு காலத்துக்கு முன் அவரும் கிர்க்கும் ஆப்த நண்பர்கள். தம் பெண்ணுக்கே நண்பரின் பெயரைத் தழுவி ஜேமி என்று பெயர் வைத்தவர் பின்னி. பிறகு இருவரும் ஒரே கப்பலில் வேலை பார்க்கையில், பின்னி ஒரு மின்சுற்றை மூட மறந்துவிட்டார். இன்னும் சில நிமிஷம் போனால் கப்பல் வெடித்திருக்கும். அடுத்த முறைக்கு வந்த கிர்க் அதை மூடினார். மூடியதோடு, விதிப்படி பதிவேட்டிலும் எழுதிவிட்டார். பின்னி கண்டிக்கப்பட்டார், பதவி உயர்வுப் பட்டியலின் அடிக்குப் போனார். தமக்கென்று ஒரு கப்பல் கிடைக்கவேயில்லை. பதிவேட்டால் கெட்டவர், பதிவேட்டையே திருத்திப் பழி தீர்க்கப் பார்த்தார். கடைசியில் கிர்க் யந்திரப் பகுதிக்குத் தனியே இறங்கிப் போகிறார். பின்னியோ கப்பலையே அழித்துவிட ஏற்பாடு செய்துவிட்டு ஆயுதத்தோடு நிற்கிறார். மகள் ஜேமியும் கப்பலுக்கு வந்திருக்கிறாள் என்ற செய்திதான் அவரை உடைத்துவிடுகிறது.

கிர்க் எழுதியது தவறா? இல்லை. எழுதாமலிருந்தால் அதுதான் தவறு. இருந்தாலும் எழுதிய கை அவருடையது.

'ஷைலோ' கப்பல் மாலுமி கடமையைக் கைவிட்டதாகச் சாட்டப்பட்ட குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் கப்பலைப் பற்றி அதே வருஷம் வேறொரு செய்தியும் வெளிவந்தது. மாலுமிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் சிலர் அதை மிதக்கும் சிறைச்சாலைக்கு ஒப்பிட்டிருந்தார்கள். சிறு தவறுகளுக்கும் மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து அடைத்து வைக்கும் பழைய தண்டனை அங்கே வழங்கிவந்ததாம். அமெரிக்கக் கடற்படையில் அந்தத் தண்டனை 2019-ம் வருஷத் தொடக்கத்திலிருந்துதான் ஒழிந்தது. இரண்டு செய்திகளுக்கும் முடிச்சுப் போட நான் முற்படவில்லை. ஆனால் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில், காலாண்டுப் பரீட்சையின்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் துண்டுச் சீட்டு அகப்பட்டது. விதிப்படி நடத்தைப் பதிவேட்டில் எழுதினேன். மறுநாள் தகப்பனாரை அழைத்துவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் தலைமையாசிரியர். சாயங்கால மணி அடித்தது. பையன் வீட்டுக்குப் போகவில்லை. இருட்டியதும் பெற்றோர் பதறிக்கொண்டு வந்தார்கள். ரயில் நிலையம், பஸ் நிலையம், சினிமாக் கொட்டகை எல்லாம் தேடினோம். பின்புறத்துக் கிணற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தபோது என் கைகால்கள் நடுங்கியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வகுப்பறை வகுப்பறையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் நாலு ஆசிரியர்கள் பிரார்த்தனை மண்டபத்து மேடையில் உட்கார்ந்து, போலீஸுக்கு எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பையனின் தாயார் படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் அழவில்லை. திடீரென்று எங்களைப் பார்த்து, "அவங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன் ஸார். அவரு ஒண்ணும் செய்யமாட்டாரு. புள்ளை வந்தாப் போதும்" என்றாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்கள் காலடியில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. மேடைக்கு அடியில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் இடத்திலிருந்து, தலையெல்லாம் ஒட்டடையாக அவன் வெளியே வந்தான்.

தாயார் அவனைக் கட்டிக்கொண்டாள். நான் கேட்டேன்: "அப்போதிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனே, உனக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டுது ஸார்" என்றான். "நீங்க கூப்பிட்டதாலேதான் வரல்லே."