சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கோ சுவர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சித்திரம் மட்டுமே நம்முடன் வருகிறது. பேகம்பேட்டில் அடுக்குமாடி வீடொன்றில் வாடகைக்குக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தாரிடம், பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர்ப் படம் ஒன்று இருக்கக்கூடும். அதனை எந்த அறையில், எந்தச் சுவரில் மாட்டுவது? இது அழகைப் பற்றிய வினா மட்டுமன்று. அடுத்த தலைமுறைக்கு அப்படம் எஞ்சுமா என்பதும் இதைப் பொறுத்ததே.

தஞ்சாவூர்ப் படத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். பலாப்பலகையின்மீது துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசுவர். அணிகலன்களையும் மண்டபத் தூண்களையும் புடைப்பாக அமைத்து, கற்களைப் பதித்துத் தங்கரேக்கு ஒட்டுவர். மரமும் துணியும் சுண்ணமும் ஈரத்தால் ஒரே அளவில் விரிவதில்லை. ஆகவே ஈரச்சுவரில் தொங்கும் படத்தில் நாளடைவில் வெடிப்புக் காணும், ரேக்கு உரியும். தென்மேற்குப் பருவமழை மோதும் வெளிச்சுவரையும், குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்த்து, உட்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நலம். சட்டத்தின் பின்புறத்தில், கீழ்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் படத்திற்கும் சுவருக்கும் இடையே காற்று உலவும்.

அடுத்தது ஒளி. மேற்குச் சாளரத்தின் வழியே நுழையும் பிற்பகல் வெயில் எதிர்ச்சுவரில் விழும். கண்ணாடி போட்டிருந்தாலும் வண்ணம் வெளுப்பதற்கு அதுவே போதும். தங்கரேக்கோ மங்கிய இடத்தில் விளக்கொளி பட்டு மிளிர்வது. ஆகவே பூசையறையோ, கூடத்தின் நிழற்பக்கமோ அதற்கு ஏற்றது. விளக்கின் புகை நேரே படாத தூரமும் வேண்டும்.

மூன்றாவது, பார்ப்பவர் நிலை. நின்று பார்க்கும் கூடத்தில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கலாம். அமர்ந்திருக்கும் அறையில் சற்றுத் தாழ்த்தலாம். 6 அடி நீளமுள்ள இருக்கைக்கு மேலே சுமார் 4 அடி அகலமுள்ள படமோ படத்தொகுதியோ பொருந்தும். ஆணி அடிக்குமுன், படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி ஒட்டி, இரண்டு நாள் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரரின் சுவரும் தப்பும்.

எஞ்சிய சுவர்களில் ஒன்றையேனும் நாம் வாழும் மண்ணுக்கு அளிப்போமாக. ஐதராபாத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள், சித்திப்பேட்டை மாவட்டத்தில் செரியால் என்னும் ஊர் உள்ளது. ஊர் ஊராகச் சென்று கதை சொல்வோர் விரித்துக் காட்டுவதற்கென, அங்குள்ள நகாஷி ஓவியர்கள் நீண்ட துணிச்சுருள்களில் புராணக் கதைகளைச் செந்நிறப் பின்புலத்தில் தீட்டி வந்தார்கள். சட்டமிட்டு மாட்டத்தக்க சிறு படங்களும் இன்று கிடைக்கின்றன. துணிக்கு அவர்கள் பூசும் கலவையில் வெள்ளைமண்ணுடன் புளியங்கொட்டைப் பசையும் சேர்கிறது; தஞ்சாவூர் ஓவியர்களுக்கும் பழக்கமான பசையே அது.

கதைப்படமாதலின் குழந்தைகளின் அறைக்கு இது மிகவும் ஏற்றது. அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அதன் கதையை அண்டை வீட்டார் தெலுங்கில் சொல்லக் குழந்தைகள் கேட்டுக்கொள்வார்கள். கூடத்துத் தஞ்சாவூர்ப் படத்தின் கதையைத் தமிழில் சொல்லும் கடமை நம்முடையது.