விளைவிப்போரும் விற்றுக் கொடுப்போரும்

விதை, உரம், பாசனம் ஆகியவற்றைப் பற்றி நமது வட்டாரங்களில் கூட்டம் கூட்டினால் குடியானவர்கள் திரளாக வருகின்றனர். விளைந்த பொருளை யார் மூலம் விற்பது என்ற பேச்சு எழும்போது மட்டும், அது அவரவர் பாடு என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஏக்கருக்குச் சில மூட்டைகள் கூடுதலாக விளைவித்தவர், அவற்றின் பயன் முழுவதையும் விற்பனையில் இழந்து நிற்பதற்கு இவ்வலட்சியமும் ஒரு காரணம்.

விற்பனை ஏஜண்டு என்பவர் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். வியாபாரி தம் பணத்தைப் போட்டுச் சரக்கை வாங்குகிறார். பின்னர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அவரைச் சேர்ந்தது. ஏஜண்டு அப்படியல்லர். விற்கும்வரை சரக்கு குடியானவருடையதே. அதை நல்ல விலைக்கு விற்றுக் கொடுப்பதற்காகவே அவர் தரகு பெறுகிறார். தனியார் தரகு மண்டி, கூட்டுறவு விற்பனைச் சங்கம், 2002-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத் திருத்தத்துக்குப்பின் தோன்றிய உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகிய யாவும் இவ்வேலையைச் செய்யக்கூடியவை. ஆனால் நடைமுறையில், ஒரே மண்டிக்காரர் தம் பெயரில் ஏஜண்டாகவும் உறவினர் பெயரில் வாங்குபவராகவும் இருப்பதுண்டு. விற்பவருக்கு விலை ஏற வேண்டும். வாங்குபவருக்கு இறங்க வேண்டும். இரண்டும் ஒருவர் கையில் இருக்குமானால் நம் பக்கம் நின்று பேச அங்கு ஆளில்லை. ஆகவே ஒருவரிடம் சரக்கை ஒப்படைக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, தரகு எவ்வளவு என்பதன்று. நீங்கள் சொந்தத்துக்கும் வாங்குவதுண்டா என்பதே.

இந்த ஐயம் இன்று பிறந்ததன்று. துண்டைப் போர்த்தி, அதனுள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் நம் சந்தைகளில் நெடுங்காலம் இருந்தது. பொருளுக்கு உடையவர் பக்கத்திலேயே நின்றாலும் பேசிய விலை அவருக்குத் தெரியாது. எடைக்கூலி, சாக்குக் கழிவு, மாதிரி, மகமை என்று பிடித்தங்களுக்கும் பஞ்சமில்லை. விவசாயத்துக்கான ராயல் கமிஷன் 1928-இல் அளித்த அறிக்கையில், சந்தைகளை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று கூறிற்று. சென்னை மாகாணத்தில் 1933-இல் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு விற்பனைக் கூடம் ஏற்பட்டது. இன்றுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விற்பவரிடம் தரகு பிடிப்பதில்லை; சந்தைக் கட்டணத்தை வாங்குபவரே செலுத்துகிறார். வியாபாரிகள் தத்தம் விலையைச் சீட்டில் எழுதி மறைவாகப் போடுகின்றனர். 2016-இல் தொடங்கப்பெற்ற தேசிய வேளாண் சந்தைத் திட்டத்தில் சேர்ந்த கூடங்களில் கணினி வழியே விலை குறிக்கின்றனர். கிடைத்த விலை மனத்துக்கு ஒவ்வாவிடில் விற்க மறுக்கவும் குடியானவருக்கு உரிமையுண்டு. சரக்கை அங்கேயே இருப்பு வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறவும் வழியிருக்கிறது. மஞ்சள், பருத்தி, கொப்பரை, நிலக்கடலை போன்றவற்றை விளைவிப்போர் இவ்வசதியை விட்டுவிட்டு வேறிடம் தேடுவது எனக்குப் புரியாத செய்தி.

காய்கறி, பழம், பூ ஆகியவற்றின் நிலை வேறு. இவை காத்திருக்கமாட்டா. இவற்றுக்குப் பெரும்பாலும் மண்டியே கதி என்பதால், ஏஜண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் மிகுதியும் தேவை. எல்லாப் பொருளுக்கும் எல்லா மண்டியும் பொருந்துவதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி பெருமளவில் செல்கிறது. அங்குள்ள வியாபாரிகள் கேரளத்து அடுப்படிக்கு எந்தக் காய் எந்தப் பருவத்தில் வேண்டும் என்பதை அறிந்தவர்கள். சின்ன வெங்காயத்துக்குத் திண்டுக்கல்லில் தனிச் சந்தையே உண்டு. கவுந்தப்பாடி விற்பனைக் கூடத்தில் பழனித் திருக்கோயில் நிர்வாகம் பஞ்சாமிர்தத்துக்காக நாட்டுச் சர்க்கரை கொள்முதல் செய்கிறது. அங்கு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தே விலை. வாங்குபவர் யார், அவருக்கு வேண்டிய தரம் யாது என்பதை அறிந்த இடத்தில்தான் நல்ல பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும். அளவும் பொருந்த வேண்டும். நாளொன்றுக்குப் பல லாரிச் சரக்கைக் கையாளும் மண்டியில் நமது ஐந்து கூடைகள் மூலையில் கிடந்து வாடும். சிறு விவசாயிகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் அதே மண்டியில் மதிப்பு வேறாகிவிடுகிறது.

தரகு குறைந்த இடமே நல்ல இடம் என்று எண்ணுவோர் மிகப் பலர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் மண்டியில் தக்காளிப் பெட்டி ஒன்று 500 ரூபாய்க்கு விற்கிறது. தரகு நூற்றுக்குப் பத்து, அதாவது 50 ரூபாய். இறக்குகூலியும் வண்டி வாடகையும் 50 ரூபாய். கைக்கு வருவது 400. இரண்டாம் மண்டியில் தரகு நூற்றுக்கு ஆறுதான். ஆனால் வாங்குவோர் குறைவாதலால் பெட்டி 460 ரூபாய்க்கே போகிறது. தரகு 27 ரூபாய் 60 காசு, மற்றச் செலவு அதே 50. கைக்கு வருவது 382 ரூபாய் 40 காசு. தரகில் லாபம் கண்டவர் பெட்டிக்கு 17 ரூபாய் 60 காசு இழந்தார். முதல் மண்டிக்காரர் பணத்தை ஒரு மாதம் இழுத்தடிப்பவராக இருந்தால் இக்கணக்கும் மாறிவிடும். அந்த ஒரு மாதத்துக்கு நாம் வெளியே கொடுக்கும் வட்டியையும் கழித்தல்லவா பார்க்க வேண்டும்? எனவே ஒவ்வொரு விற்பனைக்கும் எடை, விலை, தரகு, கூலி, வாடகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் பட்டியலைக் கேட்டு வாங்குக. மொத்தத் தொகையை மட்டும் துண்டுத் தாளில் குறித்துக் கொடுக்கும் மண்டியுடன் நெடுநாள் உறவு கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் முன்பணம். விதைப்பின்போதும் வீட்டு விசேஷத்தின்போதும் மண்டியில் வாங்கிய தொகைக்கு வட்டி இல்லை என்பார்கள். வட்டி எங்கும் போய்விடவில்லை. விலையிலும் எடையிலும் கலந்திருக்கிறது. கடன் தீரும்வரை வேறு மண்டிக்குப் போக முடியாது; போக முடியாதவரிடம் விலையைப் பற்றி யார் கலந்து பேசுவார்? கோர்வாலா தலைமையில் அமைந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வுக் குழு, கடனையும் விற்பனையையும் கூட்டுறவு மூலம் இணைக்க வேண்டுமென 1954-இல் கூறியதன் கருத்து இதுதான். சாகுபடிக் கடனைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பெற்றவருக்கு, அறுவடை நாளன்று எந்த மண்டி வாசலும் திறந்திருக்கும்.

குறை ஒரு பக்கத்தில் மட்டும் என்று கூறுவதற்கில்லை. மேலே பெரிய காயும் அடியில் சொத்தையும் வைத்துப் பெட்டி கட்டினால், ஏஜண்டு அன்று எப்படியோ விற்றுவிடுவார். மறுநாள் முதல் அவ்வூர்ச் சரக்கு முழுவதற்குமே வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பார். ஒருவர் செய்த தந்திரத்துக்கு ஊரார் அனைவரும் தண்டம் கட்டுவர். ஈர மஞ்சளையும் காயாத கொப்பரையையும் சாக்கில் கட்டுவதும் அத்தகையதே. விரலியையும் கிழங்கையும் பிரித்து, காய வைத்து, எடையைத் தாமே ஒருமுறை பார்த்து அனுப்புபவரிடம் ஏஜண்டும் கவனமாகவே நடந்துகொள்வார். எவ்வளவு சரக்கு, எந்த நாளில் வரும் என்பதை முன்கூட்டித் தெரிவிப்பதும் நம் கடமை. அப்போதுதான் அவர் வாங்குவோரைத் திரட்டி வைக்க முடியும். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் சிலர், வெளியில் விலை கூடிய நாளில் சரக்கை அங்கே கொண்டுபோய், விலை சரிந்த நாளில் சங்கத்தில் கொட்டுகின்றனர். சங்கம் நட்டப்பட்ட பிறகு அதைக் குறைகூறுவோரும் இவர்களே!

ஊராட்சி மன்றத்தார் இதில் செய்யக்கூடியவை சில உண்டு. ஊரில் உலர்களம் இருந்தால் ஈரச் சரக்கென்று விலை குறைக்கும் பேச்சுக்கு இடமில்லை. முத்திரையிட்ட தராசு ஒன்று பொதுவிடத்தில் இருந்தால், மண்டி எடையையும் ஊர் எடையையும் எவரும் ஒப்பிட்டுக் கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் அருகிலுள்ள விற்பனைக் கூடத்தின் விலையை நாள்தோறும் கரும்பலகையில் எழுதிவைக்க ஒரு சாக்கட்டி போதும். விற்பனைப் பட்டியல்களைச் சேர்த்து வைத்திருப்போர் தை, மாசியில் ஒருநாள் ஊராட்சி அலுவலகத்தில் கூடி, எந்த மண்டியில் செலவு போக நிகரமாக எவ்வளவு கிடைத்தது, பணம் எத்தனை நாளில் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஏஜண்டை மாற்ற எண்ணுவோர் பழைய பாக்கியைத் தீர்த்து, கணக்கு முடிந்ததென எழுத்தில் வாங்கிக்கொண்டு, அடுத்த விதைப்புக்கு முன்பே மாற்றிக்கொள்வது நல்லது. சரக்கு களத்தில் கிடக்கும்போது செய்யும் மாற்றத்தில் பேரம் பேச நேரமிராது.