கொதிக்கலாமா, கூடாதா?

பிரான்ஸ்ல 'பொத்தோஃபு'ன்னு ஒரு மாட்டிறைச்சிச் சாறு இருக்கு. 3 மணி நேரம் சின்னத் தீயில வேகும். தளதளன்னு கொதிச்சா கொழுப்பு உடைஞ்சு சாறு கலங்கிடும்.

தெற்கே மார்சே நகரத்து மீன் சூப்பான 'பூயாபேஸ்' நேரெதிர். விலை போகாத முள்மீனை மீனவர்கள் போட்டுக் காய்ச்சினது இது. இங்கே கலங்கறதுதான் வேணும்! கொதிக்கிற வேகத்துல ஆலிவ் எண்ணெய் பொடித்துளியா உடையும். மீன்ல இருந்து வர்ற ஜெலட்டின் அதைத் திரும்பச் சேர விடாது. சாறு கெட்டியாகும். நான் முதல் தடவை பயந்து தீயைக் குறைச்சேன். எண்ணெய் தனியா மிதந்துச்சு.

ஏதோ ஒரு மீன் குழம்பைப் பூயாபேஸ்னு சுற்றுலாப் பயணிகள் தலையில கட்டறாங்கன்னு, 1980-ல மார்சே உணவகங்கள் சில சேர்ந்து சாசனமே எழுதினாங்க: பட்டியல்ல இருந்து குறைஞ்சது 4 வகை மீன், அதையும் சாப்பிடறவங்க கண்ணெதிரே வெட்டணும்.