சீனப் பேரரசின் தேர்வு ஏணி

தேர்வு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒரு தேர்வு ஒரு பேரரசையே தாங்கி நின்றது என்பதையும், அத்தேர்வு நீங்கிய ஏழாம் ஆண்டிலேயே அப்பேரரசு சாய்ந்தது என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தக் கதை சீன நாட்டினுடையது. மாணவர்களாகிய நாம் அறிய வேண்டுவது.

பண்டைச் சீனத்தில் பதவிக்கு வழி இரண்டே. ஒன்று உயர்குடிப் பிறப்பு. மற்றொன்று பெரியோர் பரிந்துரை. இதனை மாற்றியமைக்கும் முயற்சி கி.பி. 605-ஆம் ஆண்டை ஒட்டிச் சுய் மரபினர் காலத்தில் தொடங்கிற்று. டாங் மன்னர்கள் அதனை வளர்த்தனர். சுங் மரபினர் காலத்தில் (960–1279) அது நாடெங்கும் வேரூன்றியது. விடை எழுதியவன் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தைக் கொண்டும் ஆளை அறிந்துவிடக் கூடாதென்று, விடைகளை எல்லாம் எழுத்தர்களைக் கொண்டு படியெடுத்து, அப்படிகளையே திருத்துவோரிடம் கொடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஏற்பாடு என்றால் வியப்பாக இல்லையா?

தேர்வு படிப்படியாக நடந்தது. முதலில் உள்ளூரில், பிறகு மாகாணத் தலைநகரில், அதன்பின் நாட்டின் தலைநகரில், இறுதியில் பேரரசரின் அரண்மனையில். நான்கிங் நகரின் தேர்வு வளாகத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையிலும் இரண்டு பலகைகள். பகலில் ஒன்று இருக்கை, மற்றொன்று மேசை. இரவில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் படுக்கை!

இதனால் எல்லோருக்கும் சமவாய்ப்புக் கிட்டியது என்று எண்ணிவிடலாகாது. பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. பல்லாண்டுகள் வயலுக்குப் போகாமல் படிக்க வசதி உள்ளவனே பெரும்பாலும் தேறினான். வட்டாரப் பூசலும் எழுந்தது. 1397-ஆம் ஆண்டுத் தேர்வில் தேறியவர் அனைவரும் தென்னாட்டாராக இருந்தனர், வடநாட்டார் கொதித்தெழுந்தனர். மிங் பேரரசர் தேர்வாளர் சிலரைக் கொல்வித்து, வடநாட்டாரைக் கொண்டே மற்றொரு பட்டியல் வெளியிட்டார். பின்னர் 1420-களில் தெற்கிற்கு 60, வடக்கிற்கு 40 என்று இடங்கள் வகுக்கப்பட்டன. தகுதியா, பங்கீடா என்ற வழக்கு நம் நாட்டில் மட்டும் பிறந்ததன்று.

ஏணி உயர்ந்ததுதான், ஆனால் அதன் படிகள் குறுகலானவை. கன்பூசிய நூல்களுக்கு சூ சி என்ற அறிஞர் எழுதிய உரையே 1313-ஆம் ஆண்டு ஆணைப்படி அளவுகோல் ஆயிற்று. மிங் காலத்தில் 'எட்டுக் கால் கட்டுரை' என்னும் இறுகிய வடிவம் வந்து சேர்ந்தது. கணிதமும் அறிவியலும் புறத்தே நின்றன. தோற்றவர் தொகையோ பெருகியது. பலமுறை தோற்று மனமுடைந்த ஹுங் சியூச்சுவான் என்ற இளைஞர், தாமே இறைவனின் மகன் என்று கூறிக்கொண்டு தொடங்கிய தைப்பிங் கிளர்ச்சி 1864 வரை நீடித்தது. அதில் மடிந்தோர் 2 கோடிக்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு.

1895-இல் ஜப்பானிடம் தோற்றபின் சீனம் விழித்துக்கொண்டது. 1898-இல் இளம் பேரரசர் குவாங்சு எட்டுக் கால் கட்டுரையை ஒழித்தார். பேரரசி சுசி அவரைச் சிறை வைத்துச் சீர்திருத்தங்களுள் பெரும்பாலானவற்றை நீக்கினார். அப்போது தோன்றிய பீகிங் பல்கலைக்கழகம் மட்டும் பிழைத்தது. இறுதியில் 1905-ஆம் ஆண்டு செப்டம்பரில் தேர்வு முறையே அடியோடு நீக்கப்பட்டது. அதனை நீக்கும்படி வற்புறுத்தியவர்களுள் ஒருவரான சாங் சிதுங், அதே தேர்வில் 1863-இல் மூன்றாமவராகத் தேறியவர்!

விளைவு யாது? பழைய தேர்வு, வென்றவனையும் வெல்லக் காத்திருந்தவனையும் அரியணையோடு கட்டி வைத்திருந்தது. அந்தக் கயிறு அறுந்தது. வேறு கயிறு திரிக்கப்படவில்லை. புதிய பள்ளிகள் நகரங்களில் இருந்தன. அவற்றில் படிக்கப் பணம் வேண்டும். சிற்றூர் இளைஞன் திகைத்தான். வசதியுள்ளவர் ஆயிரக்கணக்கில் ஜப்பான் சென்று புரட்சிக் கருத்துகளோடு திரும்பினர். வேறு சிலர் புதிய படைகளில் சேர்ந்தனர். 1911 அக்டோபர் 10-இல் ஊச்சாங் நகரில் எழுச்சியைத் தொடங்கியது அத்தகைய படையே. 1912 பிப்ரவரியில் முடியாட்சி முடிந்தது. அயலாரிடம் பட்ட கடன், இருப்புப்பாதைப் பூசல் முதலிய காரணங்களும் உண்டு. எனினும் படித்தவர் கைவிட்ட அரசு நிற்கவில்லை. 1919 மே 4-இல் பீகிங் வீதியில் திரண்ட மாணவர்கள், அரசுக்காகக் காத்திராமல் நாட்டுக்காகப் பேசினர்.

கதை அதோடு முடியவில்லை. மக்கள் குடியரசு 1952-இல் நாடு தழுவிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை ஏற்படுத்தியது. 1966-இல் பண்பாட்டுப் புரட்சி அதனை நிறுத்தியது. 1970 முதல் அரசியல் பரிந்துரையே நுழைவாயில் ஆயிற்று. சுய் மன்னர் ஒழிக்க முயன்ற பழைய வழி, புதிய உடையில் திரும்பி வந்தது! 1977-இல் தேர்வு மீண்டபோது 57 இலட்சம் பேர் எழுதினர். இடம் பெற்றோர் சுமார் 2,70,000 பேரே. 2024-இல் பதிவு செய்தோர் 1 கோடியே 34 இலட்சம்.

நமக்கும் இதில் தொடர்புண்டு. 1855-இல் இந்திய ஆட்சிப்பணிக்குப் போட்டித் தேர்வைப் புகுத்திய ஆங்கிலேயர், அக்காலத்திலேயே சீன முறையைப் பற்றி வாதாடினர். இன்று நம் தோழர்கள் இரவு பகலாகப் படிக்கும் தேர்வு அந்த மரபில் வந்ததே.

நண்பர்களே! தேர்வு இல்லாவிடில் பரிந்துரை ஆளும். தேர்வே எல்லாமானால் மனப்பாடம் ஆளும். ஏணி வேண்டும், அது எங்கே கொண்டுபோய் விடுகிறது, யார் யாருக்கு எட்டுகிறது என்று கேட்கும் துணிவும் வேண்டும். சீன வரலாறு நமக்குத் தரும் வினாத்தாள் இதுவே.