உங்களுக்குத் தெரியுமா? – குட்டிப் பீரங்கிகள்

● பீரங்கி என்றதும் கோட்டையும் போரும்தான் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் பவேரியாவிலோ கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் புத்தாண்டுக்கும் குட்டிப் பீரங்கி முழங்குகிறது. அதன் பெயர் ‘பொல்லர்’. கையில் பிடித்து வெடிப்பது, தரையில் நிறுத்தி வெடிப்பது, சக்கரம் பூட்டியது என்று வகைகள் உண்டு. எதிலும் குண்டு கிடையாது. கருமருந்தைக் கெட்டித்து மேலே தக்கையால் அடைப்பார்கள். வெளியே வருவது சத்தமும் புகையும்தான். பெர்க்டெஸ்காடன் மலைப்பகுதியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் முழுக்க இந்த முழக்கம் கேட்கும். நம் ஊர்க் கோயில் விழாவின் அதிர்வேட்டும், சபரிமலையின் வெடி வழிபாடும் இதே குடும்பம்தான்.

● ஆசைப்பட்டவரெல்லாம் பொல்லரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. முதலில் பயிற்சி வகுப்பு, பிறகு தேர்வு, அதன் பிறகுதான் வெடிமருந்துச் சட்டப்படி உரிமம். ஆளைப் போலவே கருவிக்கும் தேர்வு உண்டு. ஒவ்வொரு குழலும் அரசின் சோதனைக்கூடத்துக்குப் போகவேண்டும். அங்கே வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்து வெடித்துப் பார்ப்பார்கள். விரிசலோ வீக்கமோ இல்லையென்றால் முத்திரை குத்துவார்கள். ஐந்து ஆண்டு கழித்து மறுபடியும் அதே சோதனை. இந்தப் பொழுதுபோக்கில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். செய்தவர் எவ்வளவு கைதேர்ந்தவர் என்பது அங்கே கணக்கில் வராது. குழல் தாங்கியதா என்பது மட்டுமே கணக்கு.

● இப்படிச் சோதித்து முத்திரையிடும் பழக்கம் புதிதல்ல. துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் அரச சாசனம் பெற்றது 1637இல்.

● சோதனை ஏன் இவ்வளவு கடுமை? ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1460இல் ராக்ஸ்பரோ கோட்டையை முற்றுகையிட்டபோது, பக்கத்தில் நின்றிருந்த தன் பீரங்கியே வெடித்துச் சிதறி இறந்தார். 1844 பிப்ரவரி 28 அன்று ‘பிரின்ஸ்டன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் விருந்தினருக்கு வேடிக்கை காட்ட ஒரு பெரிய பீரங்கியை வெடித்தார்கள். அது பிளந்து வெளியுறவு அமைச்சர், கடற்படை அமைச்சர் உட்பட ஆறு பேர் மாண்டார்கள். கீழ்த்தளத்தில் இருந்ததால் அதிபர் டைலர் தப்பினார். அந்தப் பீரங்கிக்கு வைத்திருந்த பெயர் ‘சமாதானம் செய்பவன்’. இரும்புக்குள் ஒளிந்திருக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இன்று அமெரிக்காவில் வார்ப்பிரும்பில் மாதிரிப் பீரங்கி செய்பவர்கள், தையல் இல்லாத எஃகுக் குழாயை உள்ளே உறையாகப் பொருத்துகிறார்கள்.

● எல்லா வெடிமருந்தும் ஒன்றல்ல. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்து எரிந்ததும் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்த வெள்ளைப் புகையும் குழலில் படியும் கசடும் அதுதான். 1884இல் பிரான்ஸில் வந்த புகையில்லா மருந்து வேறு இனம். அதைப் பழைய பாணிப் பீரங்கியில் இட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறிக் குழலையே பிளந்துவிடும். கருமருந்திலும் குருணை அளவு முக்கியம்: கைத்துப்பாக்கிக்குப் பொடி, பீரங்கிக்குப் பருக்கை.

● பொறுப்புள்ள ஆர்வலர்கள் மருந்தைத் தாங்களே அரைப்பதில்லை. ஆலையில் செய்ததை வாங்குகிறார்கள். காரணம் தெரியவேண்டுமானால் 1802இல் அமெரிக்காவின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் தொடங்கிய டூபாண்ட் மருந்து ஆலைகளைப் பார்க்கவேண்டும். மூன்று பக்கம் தடித்த கற்சுவர். ஆற்றை நோக்கிய பக்கத்தில் மட்டும் இலேசான தடுப்பு. விபத்து வரும் என்று தெரிந்தே, வெடித்தால் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். அத்தனை முன்யோசனைக்குப் பிறகும் அங்கே தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள்.

● அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் 1898 ஒரு எல்லைக்கோடு. அந்த ஆண்டுக்குள் செய்த, வாய்வழி மருந்து கெட்டிக்கும் பீரங்கிகளும், ஆயத்தத் தோட்டா ஏற்காத அவற்றின் நகல்களும் பழம்பொருள் கணக்கில் சேரும். அவற்றுக்காகப் பொழுதுபோக்காளர் ஒருவர் 50 பவுண்டு, அதாவது சுமார் 22.7 கிலோ வரை கருமருந்தை மத்திய உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். பிரிட்டனில் கருமருந்து வாங்கவே காவல்துறையின் சான்றிதழ் வேண்டும்.

● ஒரு முறை வெடித்த குழலில் கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு ஒன்று போதும், அடுத்து இடும் மருந்தைப் பற்றவைக்க. அதனால் ஈரப் பஞ்சுக்கோலால் துடைப்பார்கள். அப்போது ஒருவர் தோல் உறை மாட்டிய கட்டைவிரலால் திரித்துளையை இறுக மூடிக்கொண்டிருப்பார். காற்றுப் புகுந்தால் நெருப்பு உயிர்பெறும். மருந்தைக் கெட்டிப்பவர் கோலைச் சுற்றிக் கட்டைவிரலை மடக்கமாட்டார். எதிர்பாராமல் வெடித்தாலும் கோல் கையை விட்டு நழுவிப் போகவேண்டும் என்பதற்காக. ஒரு வெடிக்கும் அடுத்த மருந்தை இடுவதற்கும் இடையே நிமிடக்கணக்கில் காத்திருப்பு. அவசரக்காரர்களுக்கு இந்தக் கலையில் இடமே இல்லை.

● திரி இல்லை, தீக்குச்சி இல்லை, சூரியனே பற்றவைக்கும் பீரங்கி தெரியுமா? பாரிஸின் பலே ராயல் தோட்டத்தில் 1786இல் ஒரு கடிகாரக் கலைஞர் சின்னஞ்சிறு வெண்கலப் பீரங்கியை வைத்தார். மேலே ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி. சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில் ஒளி குவிந்து மருந்தின்மேல் விழும், பீரங்கி முழங்கும், சுற்றியிருப்பவர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். மேகம் மூடிய நாளில் மௌனம்தான். மூலப் பீரங்கி 1998இல் திருடுபோனது. இப்போது இருப்பது நகல். குட்டிப் பீரங்கிகளில் எதைச் செய்து பார்க்க ஆசை என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

● நேரம் சொல்லும் பீரங்கிகள் இன்னும் ஓயவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஞாயிறும் விடுமுறையும் தவிர நாள்தோறும் நண்பகலில் கருமருந்துப் பீரங்கி முழங்குகிறது. ஒன்று வெடிக்காவிட்டால் கைகொடுக்க இன்னொன்று தயாராக நிற்கும். எடின்பரோ கோட்டையின் ஒரு மணிப் பீரங்கி 1861இல் தொடங்கியது. ஒலி போய்ச் சேரத் தாமதமாகுமே? எந்தத் தெருவில் எத்தனை நொடி கழிக்கவேண்டும் என்று வரைபடமே அச்சிட்டார்கள்!

● வெடிக்காமலே புகழ்பெற்ற சிறு பீரங்கியும் உண்டு. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த கண்டிப் பீரங்கியை 1765இல் டச்சுக்காரர்கள் கவர்ந்து சென்றார்கள். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருந்த அது 2023இல் இலங்கைக்குத் திரும்பியது.

● மருந்தே வேண்டாம், கார்பைடு போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். கால்சியம் கார்பைடில் நீர் பட்டால் எழும் அசிட்டிலின் வாயு வெடிக்கும். இந்த முறையில் ஓடும் வார்ப்பிரும்புப் பொம்மைப் பீரங்கிகள் பென்சில்வேனியாவில் நூறாண்டாக விற்பனையில் உண்டு. பிளாஸ்டிக் குழாயில் செய்வதோ கொடுமையானது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் ‘கார்பைடு துப்பாக்கி’யால் ஏராளமான குழந்தைகளின் கண்கள் பாதிக்கப்பட்டன. உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் கண்டால் உடனே வாங்கி வைத்துவிடுங்கள்.

● இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படியும், வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படியும் குற்றம். ‘பொழுதுபோக்குக்காகத்தான் செய்தேன்’ என்று சொல்லித் தப்ப வழியில்லை. பட்டறை ஆசை உள்ளவர்கள் துளையே போடாத திடக் குழலாகப் பித்தளையில் கடைந்து, தேக்கில் வண்டி செய்து அலமாரியில் வைக்கலாம். உண்மையில் அதிக உழைப்பைக் கேட்பது அந்த வண்டிதான். அளவெடுத்துப் பார்க்க நல்ல மாதிரி வேண்டுமென்றால் தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்குப் போங்கள். நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, ஏழு மீட்டருக்கு மேல் நீளம். அது வார்த்தது அல்ல. நீண்ட இரும்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே வளையங்களைச் சூடாக மாட்டி, உலையில் அடித்தே இணைத்தது. அந்த வளைய வரிசை இன்றும் வெளியே தெரிகிறது.