ஒரே லேப்டாப்... இரண்டு ஓ.எஸ்! பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடும் முன் இதைப் படியுங்கள்!

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அந்த லேப்டாப்பை வாங்கிய மாணவர்களுக்கு இன்றும் ஒரு விஷயம் நினைவிருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் நேராக விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் சில வரிகள் தோன்றும். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் 'பாஸ்' லினக்ஸ். அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்தி, எது வேண்டுமோ அதில் என்டர் தட்ட வேண்டும். சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், சில நொடிகளில் அதுவாகவே ஒன்றைத் திறந்துவிடும்.

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக விண்டோஸுக்குப் போனவர்கள் ஏராளம். ஆனால், அந்தக் கறுப்புத் திரைதான் 'டூயல் பூட்'. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்களை வைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப ஒன்றைத் திறக்கும் வசதி. அன்று பலர் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த வசதி, இன்று பல வீடுகளுக்குத் தேவைப்படுகிறது.

ஏன் இப்போது?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்த தனிநபர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் உண்டு. பதிவு செய்யாத கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். ஆனால், புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள்.

'விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டால் போச்சு' என்று தோன்றும். அதற்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 2015, 2016-ம் ஆண்டு லேப்டாப்கள் இந்த இடத்திலேயே தேர்வில் தோற்றுவிடுகின்றன.

சரி, மொத்தமாக லினக்ஸுக்குப் போய்விடலாமா? அப்பாவின் கடைக்கணக்கு 'டாலி'யில் இருக்கிறது. 'பாமினி', 'வானவில்' எழுத்துருக்களில் அடித்த பழைய ஃபைல்கள் கிடக்கின்றன. அந்தக் காலத்து பிரின்டர் ஒன்று விண்டோஸில் மட்டும்தான் பேசும். இவற்றை ஒரே நாளில் விட முடியாது.

இங்கேதான் டூயல் பூட் கைகொடுக்கிறது. பழைய சாஃப்ட்வேர்களுக்கு மட்டும் விண்டோஸ் 10. அதில் இன்டர்நெட்டை முடிந்தவரை தவிர்த்துவிடலாம். பேங்க் வேலை, மெயில், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் லினக்ஸில். உபுண்டு 24.04, அதை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 ஆகியவற்றுக்கு 2029 வரை ஆதரவு உண்டு. காசு கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு பெரிய வீட்டை அண்ணன் தம்பிகள் இருவர் பிரித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். நடுவில் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு சமையலறை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால், தெரு வாசல் ஒன்றுதான். டூயல் பூட்டும் அப்படித்தான். ஹார்டு டிஸ்க்கை 'பார்ட்டிஷன்' என்ற சுவரால் பிரித்து, ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ் குடியேறுகின்றன. பொது வாசலாக ஒரு சிறிய பகுதி இருக்கும். அதற்கு 'ஈ.எஃப்.ஐ பார்ட்டிஷன்' என்று பெயர். இரண்டு சிஸ்டங்களையும் எழுப்பிவிடும் சிறு புரோகிராம்கள் அங்கேதான் இருக்கின்றன.

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள 'யு.இ.எஃப்.ஐ' மென்பொருள் முதலில் விழித்து, இந்த வாசலுக்கு வரும். அங்கே லினக்ஸோடு வந்த 'கிரப்' என்ற புரோகிராம் நின்றுகொண்டு, 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்கும். அதுதான் அந்தக் கறுப்புத் திரை.

ஒரு நேரத்தில் ஒரு சிஸ்டம் மட்டுமே ஓடும் என்பதால், கம்ப்யூட்டரின் முழு வேகமும் அதற்கே கிடைக்கும். மாற வேண்டுமானால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை

லினக்ஸ் நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடலாம். ஆனால், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவைக் காப்பாற்றுவது அதற்கு முன் செய்யும் ஏற்பாடுகள்தான்.

பேக்கப்: போட்டோ, வீடியோ, சான்றிதழ்கள், கணக்கு ஃபைல்கள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். காப்பி ஆனதோடு விடாமல், அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் சொருகி, நான்கைந்து போட்டோக்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

பிட்லாக்கர் சாவி: சில லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட் முறையில் மாற்றம் செய்தால், '48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு' என்று விண்டோஸ் கேட்கலாம். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, பேப்பரில் எழுதி வையுங்கள். பிறகு அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதன் டிஸ்க்கில் எழுதினால் ஃபைல்கள் கெட வாய்ப்புண்டு. அதனால் லினக்ஸ் 'படிக்கலாம், எழுத முடியாது' என்று நின்றுவிடும். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் இதை ஆஃப் செய்யுங்கள்.

பயாஸ் மோடு: 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'பயாஸ் மோடு' எதிரே 'யு.இ.எஃப்.ஐ' என்று இருக்கிறதா, 'லெகசி' என்று இருக்கிறதா எனக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ, அதே முறையில்தான் லினக்ஸையும் நிறுவ வேண்டும். ஆளுக்கொரு முறையில் இருந்தால், ஒன்று இன்னொன்றைப் பட்டியலில் காட்டாது.

கரன்ட்: பார்ட்டிஷன் பிரிக்கும்போது கரன்ட் போனால் சிக்கல். லேப்டாப் என்றால் முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் இணைத்து வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ் அவசியம்.

நிறுவும்போது அந்த ஒரு கேள்வி... உஷார்!

முதலில் இடம் ஒதுக்க வேண்டும். விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் 'சி' டிரைவை ரைட் கிளிக் செய்து, 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால் காலி இடம் கிடைக்கும். 50 ஜி.பி ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. அந்தக் காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். அதே பக்கத்தில் 100 எம்.பி அளவில் ஏதோ சின்னதாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். அதுதான் பொது வாசல்!

அடுத்து, உபுண்டு அல்லது மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து டவுன்லோடு செய்து, 'ரூஃபஸ்' போன்ற சாஃப்ட்வேர் மூலம் 8 ஜி.பி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் இருந்த பழைய ஃபைல்கள் எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் என, கம்பெனிக்கேற்ப ஒரு கீயைத் தட்டி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் திறக்கும்.

இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை. பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. வைஃபை, சவுண்டு, டச்பேடு, கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா என்று இங்கேயே பார்த்துவிடலாம். சரிவரவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், லினக்ஸ் வந்துபோன சுவடே இருக்காது.

திருப்தி என்றால் 'இன்ஸ்டால்' கொடுக்கலாம். அப்போது ஒரு கேள்வி வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா, டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு நிறுவவா? முதலாவதில் 'அலாங்சைடு' என்ற சொல் இருக்கும். இரண்டாவதில் 'எரேஸ் டிஸ்க்' என்று இருக்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டால் விண்டோஸும் போகும், டாலி கணக்கும் போகும். 'அலாங்சைடு' என்பதே வரவில்லை என்றால், எங்கோ தவறு இருக்கிறது. ஊகத்தில் எதையும் அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.

விண்டோஸில் மணி தப்பாகக் காட்டுதே!

டூயல் பூட் செய்தவர்களை முதல் வாரத்தில் குழப்பும் விஷயம் இது. காலை 10 மணிக்கு விண்டோஸைத் திறந்தால், அது 4.30 என்று காட்டலாம். வைரஸோ, பேட்டரி கோளாறோ காரணமில்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் சர்வதேசப் பொது நேரத்தை வைக்கும். அதையே உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். இந்திய நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதால்தான் இந்தக் கணக்கு. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொல்லி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அந்தக் கறுப்புத் திரை காணாமல்போய், நேராக விண்டோஸே திறக்கலாம். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் வரிசைதான் மாறியிருக்கும். பயாஸில் உள்ள பூட் வரிசையில் லினக்ஸை மறுபடியும் முதலில் வைத்தால் போதும்.

பிற்காலத்தில் லினக்ஸ் வேண்டாம் என்று அதன் பார்ட்டிஷனை மட்டும் அழித்தால், அடுத்தமுறை ஆன் செய்யும்போது 'கிரப்' என்ற வார்த்தையோடு திரை நின்றுவிடலாம். வழி சொல்ல வேண்டிய பட்டியல் அழிந்துபோனதால் வாசலில் நிற்பவருக்குத் திகைப்பு! யு.இ.எஃப்.ஐ கம்ப்யூட்டர் என்றால், அழிக்கும் முன்பே பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

யாருக்கு வேண்டாம்?

இரண்டு சிஸ்டங்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டியவர்களுக்கு 'வர்ச்சுவல் மெஷின்' பொருத்தம். விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் லினக்ஸ் ஓடும். ஆனால், ரேம் அதிகம் வேண்டும், 4 ஜி.பி உள்ள பழைய லேப்டாப்புக்குத் தாங்காது. டிஸ்க்கைப் பிரிக்கவே பயம் என்பவர்கள், இடம் இருந்தால் தனியாக ஓர் எஸ்.எஸ்.டி வாங்கிப் பொருத்தி, லினக்ஸை அதில் நிறுவலாம். டிஸ்க்கில் காலி இடமே இல்லாதவர்களும், ஆபீஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

முக்கியமாக, பரீட்சைக்கு முந்தைய நாளோ, ஜி.எஸ்.டி தாக்கல் செய்யக் கடைசித் தேதி நெருங்கும்போதோ இந்த வேலையில் இறங்காதீர்கள். அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். போட்டோக்கள் உள்ள பேக்கப் டிஸ்க் பத்திரமாக பீரோவுக்குள் போன பிறகு, கறுப்புத் திரையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.